முதல் வாக்கு யார் கையில்?

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம், முசிறி)



நினைவுச் சொற்பொழிவு என்றால் நினைவுகூரப்படுபவரின் புகழைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். இரட்டைமலையாருக்கு அது போதாது. 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர் அவர். முதல் இரண்டு வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கரின் தோளோடு தோள் நின்றவர். 1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களிலும் ஒருவர். அந்த ஒப்பந்தத்துக்குள் ஒரு தேர்தல் முறை இருந்தது. நாம் எல்லாரும் இரட்டை வாக்குரிமையைப் பற்றிப் பேசுகிறோம், காந்தியாரின் உண்ணாவிரதத்தைப் பற்றிப் பேசுகிறோம். அந்தத் தேர்தல் முறையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஒரு வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் பாடம் நம் வரலாற்றில் வேறு இல்லை. அதனால் இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

தேர்தலுக்கு முன் ஒரு தேர்தல்

அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் தேர்தல் வரும்போதெல்லாம் 'பிரைமரி' என்ற சொல் நம் செய்தித்தாள்களில் அடிபடும். முதனிலைத் தேர்தல் என்று சொல்லலாம். ஒரு கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதை அக்கட்சியைச் சேர்ந்த வாக்காளர்கள் மாநிலம் மாநிலமாக வாக்களித்து முடிவு செய்கிறார்கள். அதற்குப் பிறகே பொதுத்தேர்தல். ஆக, வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். முதல் வாக்கு 'யார் நிற்பது' என்பதற்கு. இரண்டாம் வாக்கு 'நிற்பவர்களில் யார் வெல்வது' என்பதற்கு.

இந்த இரண்டில் எது பெரியது? எல்லாரும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். நம் அனுபவம் வேறு.

இந்தியாவில் எந்தக் கட்சியும் இப்படி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. 2014இல் காங்கிரஸ் கட்சி சில மக்களவைத் தொகுதிகளில் மட்டும் இதைச் சோதித்துப் பார்த்தது. ஆனால் சட்டத்தின் பெயரால், 'பிரைமரி' என்ற அதே சொல்லால், இந்த நாட்டில் முதனிலைத் தேர்தல் நடந்திருக்கிறது. வாக்களித்தவர்கள் நம்முடைய பாட்டன் பூட்டன்கள்.

பூனாவில் வாங்கியதும் விட்டதும்

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, மாகாண சட்டசபைகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 71 இடங்களைத் தனி வாக்காளர் தொகுதிகளாகத் தந்தது. சென்னை மாகாணத்துக்கு 18. அந்த இடங்களுக்கு நாம் மட்டும் வாக்களிப்போம். அத்துடன் பொதுத்தொகுதியிலும் நமக்கு ஒரு வாக்கு உண்டு. இதுதான் இரட்டை வாக்குரிமை.

காந்தியார் எரவாடா சிறையில் செப்டம்பர் 20 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். நான்கே நாளில் ஒப்பந்தம் முடிந்தது. இடங்கள் 71இல் இருந்து 148 ஆயின. சென்னைக்கு 30. எண்ணிக்கையில் பார்த்தால் இரு மடங்கு. ஆனால் தனி வாக்காளர் தொகுதி போயிற்று. இனி எல்லாரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத் தொகுதிதான். அந்த இழப்பை ஈடுகட்ட, தேஜ் பகதூர் சாப்ரு முன்வைத்த ஓர் ஏற்பாடு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டது. அதுதான் முதனிலைத் தேர்தல்.

ஏற்பாடு இதுதான். ஒரு தனி இடத்துக்கு, அத்தொகுதியின் வாக்காளர் பட்டியலில் உள்ள தாழ்த்தப்பட்டோர் மட்டும் முதலில் வாக்களிப்பார்கள். ஆளுக்கு ஒரு வாக்கு. அதிக வாக்குப் பெறும் முதல் நான்கு பேர் வேட்பாளர்கள் ஆவார்கள். பிறகு அந்த நால்வரில் ஒருவரைத் தொகுதியின் எல்லாச் சாதியாரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பின் இந்த முறை முடிவுக்கு வரும்.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. நால்வரையும் நாம்தானே அனுப்புகிறோம், யார் வென்றால் என்ன என்று தோன்றும். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகுதியில் 1,000 வாக்காளர்கள். நம்மவர் 200, சாதி இந்துக்கள் 800. முதனிலையில் 'அ' என்பவருக்கு 130 வாக்கு, 'ஆ'வுக்கு 40, 'இ'க்கு 20, 'ஈ'க்கு 10. நம் மக்கள் யாரை விரும்புகிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. அடுத்தது பொதுத்தேர்தல். நம்மவர் அதே வாக்கைப் போடுகிறார்கள். சாதி இந்துக்களின் 800இல் 'அ'வுக்கு 50, 'ஆ'வுக்கு 150, 'இ'க்கு 100, 'ஈ'க்கு 500. கூட்டிப் பாருங்கள். 'அ' 180, 'ஆ' 190, 'இ' 120, 'ஈ' 510. நம்மில் பத்தே பேர் விரும்பிய 'ஈ' நம்முடைய பிரதிநிதியாகச் சட்டசபைக்குப் போகிறார்.

கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? நான்கு என்ற எண்ணில் இருக்கிறது. முதலிடம் பிடிக்கத்தான் மக்கள் செல்வாக்கு வேண்டும். நான்காம் இடம் பிடிக்க ஒரு கை வாக்கு போதும். பணமுள்ள கட்சி ஒன்று தன் ஆளை நால்வரில் ஒருவராக நுழைத்துவிட்டால், மீதியைப் பொதுத்தேர்தல் பார்த்துக்கொள்ளும். நான்கு பேருக்கு மேல் நிற்காத தொகுதியில் முதனிலை வாக்கெடுப்பே நடக்காது. நம் வேட்பாளர் ஏழை. அவர் இரண்டு தேர்தலுக்குச் செலவு செய்ய வேண்டும். வாக்குரிமையும் அன்று எல்லாருக்கும் இல்லை. சொத்து, வரி, கல்வி பார்த்துத் தந்தார்கள். காவிரிக் கரையில் அடுத்தவன் வயலில் நாற்று நட்டவருக்கும், கோரை அறுத்தவருக்கும் பட்டியலில் ஏது பெயர்?

1937: முப்பதில் இருபத்தாறு

1937 தேர்தலில் மொத்தத் தனி இடங்கள் 151. காங்கிரஸ் 78 இடங்களை வென்றது. அண்ணல் இதை மாகாணம் மாகாணமாகக் கணக்கிட்டு எழுதிவைத்திருக்கிறார். சென்னையில் 30இல் 26 காங்கிரசுக்கு. பம்பாயில் 15இல் 4 மட்டுமே. பம்பாயில் அண்ணல் 1936இல் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சி இருந்தது. தலைவரும் கொடியும் கட்சியும் நமக்கென்று இருந்த இடத்தில் ஒரு முடிவு, இல்லாத இடத்தில் வேறு முடிவு.

அந்த 26 இடங்களால் நமக்கு என்ன கிடைத்தது என்பதை 1938இல் சென்னை சட்டசபை காட்டியது. எம்.சி. ராஜா ஆலய நுழைவு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். 1932இல் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டு கூட்டுத் தொகுதியை ஆதரித்தவர் ராஜா. அவரே கொண்டுவந்த மசோதாவைப் பிரதமர் ராஜாஜி எதிர்த்தார். மசோதா தோற்றது. காங்கிரஸ் சார்பில் வென்ற நம்மவர்கள் கட்சிக் கட்டுப்பாட்டின்படி அரசின் பக்கம் வாக்களித்தார்கள். அவர்களைத் துரோகிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர்களை நிறுத்தியது யார், வெல்லவைத்தது யார், அடுத்த தேர்தலில் இடம் தரப்போவது யார்? மூன்றுக்கும் விடை ஒன்றாக இருக்கும்போது நான்காவதாக ஒரு பதிலை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது.

1945-46இல் மீண்டும் அதே முறையில் தேர்தல். முதனிலையில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் வேட்பாளர்கள் பல இடங்களில் முன்னணியில் வந்தார்கள். பொதுத்தேர்தலில் கூட்டமைப்புக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். வங்காளத்தில் வென்றவர் ஜோகேந்திரநாத் மண்டல். இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துத்தான், காங்கிரஸ் எங்கள் பிரதிநிதி அல்ல என்று பிரிட்டிஷ் அரசிடம் அண்ணல் வாதாடினார். முதனிலைத் தேர்தல் நமக்கு இடம் வாங்கித் தரவில்லை. ஆனால் நம் மக்கள் உண்மையில் யாரை விரும்பினார்கள் என்பதற்கு ஒரு சாட்சியை விட்டுச் சென்றது. பிறகு அந்தச் சாட்சியும் இல்லாமல் போனது.

1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில், சென்னையிலிருந்து சென்ற எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தனி இடத்தில் வெல்பவர் தம் சமூகத்தாரின் வாக்குகளில் குறைந்தது 35 விழுக்காடாவது பெற்றிருக்க வேண்டும் என்றார். சபை அதை ஏற்கவில்லை. அரசியலமைப்பில் தனித்தொகுதி இருந்தது, முதனிலை இல்லை. 1952 பொதுத்தேர்தலில் வடக்கு பம்பாயில் அண்ணலே தோற்றார். வென்றவர் காங்கிரசின் நாராயண் கஜ்ரோல்கர். 1954 பண்டாரா இடைத்தேர்தலிலும் அண்ணலுக்குத் தோல்வி. சட்டமன்றத் தனித்தொகுதிகளே வேண்டாம் என்று 1955இல் கூட்டமைப்பு தீர்மானம் போட்டதற்குப் பின்னால் இவ்வளவு அனுபவம் இருக்கிறது.

டெக்சாஸ் சொல்லும் பாடம்

அதே காலத்தில் அமெரிக்காவின் தென்பகுதியில் நடந்ததை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். டெக்சாஸ் மாநிலத்தில் டெமாக்ரடிக் கட்சி யாரை நிறுத்துகிறதோ அவர் வெல்வது உறுதி. ஆகவே உண்மையான தேர்தல் அக்கட்சியின் முதனிலையில்தான் நடந்தது. 1923இல் ஒரு சட்டம் கறுப்பின மக்கள் அதில் வாக்களிக்கக் கூடாது என்றது. நீதிமன்றம் அதை அடித்தது. உடனே, இது அரசின் விதி அல்ல, எங்கள் கட்சியின் சொந்த விதி என்று மாற்றிக்கொண்டார்கள். 1935இல் உச்ச நீதிமன்றமே அதை ஏற்றுக்கொண்டது. 1944இல் ஹூஸ்டனைச் சேர்ந்த பல் மருத்துவர் லோனி ஸ்மித்தின் வழக்கில், தர்குட் மார்ஷல் வாதாடி அந்த விதியை முறியடித்தார்.

அங்கே கறுப்பின மக்களைப் பொதுத்தேர்தலில் அனுமதித்து முதனிலையில் விலக்கினார்கள். இங்கே முதனிலையை நமக்கு மட்டும் தந்து, பொதுத்தேர்தலில் அதைக் கரைத்தார்கள். வழிகள் நேர் எதிர், விளைவு ஒன்று. எந்தக் கட்டத்தில் முடிவு எடுக்கப்படுகிறதோ, அந்தக் கட்டத்தில் ஒடுக்கப்பட்டவரின் வாக்குக்கு எடை இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

முதனிலை ஒழியவில்லை, இடம் மாறியது

இன்று முதனிலைத் தேர்தல் இல்லை என்று நினைக்கிறோம். இருக்கிறது. நாம் வாக்களிக்காத முதனிலை அது.

நம்மைச் சுற்றித் துறையூர், பெரம்பலூர், கிருஷ்ணராயபுரம் என்று தனித்தொகுதிகள் இருக்கின்றன. முசிறி பொதுத்தொகுதி. முசிறி இன்று அடங்கியிருக்கும் பெரம்பலூர் மக்களவைத் தொகுதி 2004 தேர்தல் வரை தனித்தொகுதி, 2009 முதல் பொது. தேர்தல் வந்தால் கட்சித் தலைமையகத்தில் பணம் கட்டி விருப்ப மனு கொடுக்கிறார்கள். நேர்காணல் நடக்கிறது. எவ்வளவு செலவு செய்வீர்கள், மாவட்டச் செயலாளர் ஒத்துக்கொள்வாரா என்பவை எல்லாம் அலசப்படுகின்றன. பிறகு பட்டியல் வெளியாகிறது. அந்த அறைதான் இன்றைய முதனிலை. தனித்தொகுதி வேட்பாளரும் அங்கேதான் பிறக்கிறார். சேரிக்கு அவர் சுவரொட்டியாகத்தான் முதலில் வருகிறார்.

ஊராட்சியில் அந்த அறைக்குப் பெயர் ஊர்க்கூட்டம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தனி ஒதுக்கீடானது. 2006 வரை அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியவில்லை. சில சமயம் ஆதிக்கச் சாதியாரே ஒரு தலித்தை நிறுத்தி, வெல்லவைத்து, உடனே பதவி விலகவும் வைத்தார்கள். நம் கற்பனைக் கணக்கின் 'ஈ'யை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்கூட்டத்தின் விருப்பத்தை மீறி நிற்பதற்கு என்ன விலை என்பதை மேலவளவு காட்டியது. ஊராட்சித் தலைவராக வென்று பதவியில் நின்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று பேருந்தை வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். உடன் இருந்த தோழர்களும் கொல்லப்பட்டார்கள். வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதை ஒரு விவாத விளையாட்டாக நாம் பேச முடியாததற்கு இதுவே காரணம்.

'வெல்லக்கூடியவர்' என்ற சொல்

வேட்பாளர்களுக்கு இடையே தேர்ந்தெடுக்கும்போது முதலில் வந்து விழும் சொல் இதுதான். "ஆள் நல்லவர்தான், ஆனால் ஜெயிக்க முடியாது." இதைச் சற்று உரித்துப் பார்க்க வேண்டும்.

1972இல் ஷெர்லி சிஷோம் என்ற கறுப்பினப் பெண்மணி டெமாக்ரடிக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக முதனிலையில் போட்டியிட்டார். கறுப்பினத் தலைவர்களிலேயே பலர் ஜெயிக்க முடியாது என்று ஒதுங்கி, வேறு வேட்பாளரை ஆதரித்தார்கள். 2008இல் ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் மோதியபோது, தொடக்கத்தில் கறுப்பின வாக்காளர்கள் பலர் தயங்கினார்கள். ஒபாமாவைப் பிடிக்கவில்லை என்பதால் அல்ல. வெள்ளையர் அவருக்கு வாக்களிக்க மாட்டார்கள் என்று நினைத்ததால். ஜனவரி 3 அன்று வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள அயோவாவில் அவர் வென்றார். ஜனவரி 26 அன்று தென் கரோலினாவில் கறுப்பின வாக்குகள் அவர் பக்கம் திரண்டன. கிளிண்டனை ஆதரித்து வந்த ஜான் லூயிஸ் போன்ற மூத்த போராளியே அடுத்த மாதம் அணி மாறினார்.

'வெல்லக்கூடியவர்' என்ற சொல்லுக்குள் இருப்பது மற்றவரின் சாதிவெறி பற்றிய நம் ஊகம். சில நேரம் அது சரி, சில நேரம் தப்பு. ஆனால் நாமே முன்கூட்டி அந்த ஊகத்துக்குப் பணிந்துவிட்டால் அது தப்பா சரியா என்று தெரியவே போவதில்லை. இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். நம் திருச்சிராப்பள்ளி மக்களவைத் தொகுதி பொதுத்தொகுதி. 2001 இடைத்தேர்தலில் அ.தி.மு.க. அங்கே தலித் எழில்மலையை நிறுத்தியது. அவர் வென்றார். பெயரிலேயே தலித் என்று தாங்கியவரைப் பொதுத்தொகுதி ஏற்காது என்ற ஊகம் என்ன ஆயிற்று? கட்சி நிறுத்தினால் தொகுதி வாக்களிக்கும். நிறுத்துவதுதான் அரிது.

ஒரு கட்சித் தலைவர் தேர்தல்

2022 அக்டோபர் 17 அன்று காங்கிரஸ் கட்சி தன் தலைவரை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தது. 2000க்குப் பிறகு போட்டி நடந்தது அப்போதுதான். மல்லிகார்ஜுன கார்கேவுக்கு 7,897 வாக்குகள், சசி தரூருக்கு 1,072, செல்லாதவை 416. நம்மவர் ஒருவர் அக்கட்சியின் தலைவரானது அதுவே முதல்முறை அல்ல. 1962இல் சஞ்சீவய்யா, பின்னர் ஜகஜீவன்ராம். ஆனாலும் 1972 முதல் தொடர்ந்து ஒன்பது முறை கர்நாடக சட்டமன்றத்துக்கு வென்ற கார்கே, தம் மாநிலத்தின் முதலமைச்சராக ஒருமுறையும் ஆகவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அப்போது நம் தோழர்களிடையே இரண்டு பேச்சு எழுந்தது. நம்மவர் வரட்டும் என்றது ஒன்று. தலைமை விரும்பும் வேட்பாளர் வந்தால் என்ன மாறும் என்றது மற்றொன்று. இரண்டுமே பாதிக் கேள்விகள். வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 9,400 பிரதிநிதிகள். அந்தப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தவர் யார்? வாக்காளர் பட்டியலை வெளியிடுங்கள் என்ற குரல் தேர்தலுக்கு முன் அக்கட்சிக்குள்ளேயே எழுந்தது. பதவியில் நம் முகம் இருப்பது மதிப்புள்ளது. சேரிப் பிள்ளைக்கு அது தரும் தெம்பை யாரும் எள்ளக் கூடாது. ஆனால் அந்த முகம் யாருடைய வாக்கைச் சார்ந்து நிற்கிறது என்ற கேள்வி 1937இலிருந்து மாறவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

ஆக, இரண்டு வேட்பாளர்கள் நம் முன் நிற்கும்போது, அது கட்சிக்குள்ளே ஆனாலும், ஊராட்சியில் ஆனாலும், கல்லூரி மாணவர் அமைப்பில் ஆனாலும், நாம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலாவது, இவரை யார் கொண்டுவந்தார்கள்? நம் தெருவுக்குத் தெரிந்தவரா, நம் தெருவுக்குத் தெரிவிக்கப்பட்டவரா?

இரண்டாவது, இவர் இதுவரை எதை மறுத்திருக்கிறார்? வாக்குறுதியை யாரும் தரலாம். தம்மை நிறுத்தியவரிடம் ஒருமுறையாவது 'முடியாது' என்று சொன்னவர்தான் 1938 போன்ற ஒரு நாளில் நமக்குப் பயன்படுவார்.

மூன்றாவது, எந்தச் சின்னத்தில் நிற்கிறார்? 1985க்குப் பின் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா சொல்வதை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். 2019 மக்களவைத் தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகளின் திருமாவளவன் பானைச் சின்னத்திலும், ரவிக்குமார் உதயசூரியனிலும் நின்றார்கள். இருவரும் வென்றார்கள். கூட்டணியில் சின்னத்துக்காக அவ்வளவு பேரம் ஏன் என்று கேட்கும் மாணவருக்கு இதுதான் பதில். சின்னம் யாருடையதோ, கொறடாவும் அவருடையது.

நான்காவது, தோற்றால் எங்கே இருப்பார்? தோல்விக்கு மறுநாளும் இதே தேநீர்க்கடையில், இதே காவல் நிலைய வாசலில் நம்மோடு நிற்பவரா?

ஐந்தாவது நம்மை நோக்கிய கேள்வி. முடிவு எடுக்கும் நம் கூட்டத்தில் யார் இல்லை? பெண்கள் பேசினார்களா? அருந்ததியர் தெருவுக்குச் சொல்லி அனுப்பினோமா? நம்மை விலக்கிய ஊர்க்கூட்டத்தைப் போலவே நாமும் ஒரு கூட்டம் நடத்தினால், பூனாவில் இழந்ததைப் பற்றிப் பேச நமக்கு உரிமை கிடையாது.

இதிலிருந்து ஒரு வேலை பிறக்கிறது. சட்டம் நமக்கு முதனிலையைத் திருப்பித் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேட்புமனு நாளுக்கு முன்பே ஊராட்சிதோறும் நம் தெருக்களைக் கூட்டலாம். நிற்க விரும்புவோரை அழைத்து எல்லார் முன்னிலையிலும் கேள்வி கேட்கலாம். சீட்டு எழுதி மடித்துப் பானையில் போட்டு எண்ணலாம். முடிவைத் தாளில் எழுதி, கட்சி அலுவலகங்களுக்கு அனுப்பலாம். அவர்கள் அதை மதிக்காமல் போகலாம். ஆனால் நம் மக்கள் யாரை விரும்பினார்கள், கட்சி யாரை நிறுத்தியது என்ற இரண்டு பெயர்களும் ஒரே தாளில் பதிவாகும். 1946இல் அண்ணலின் கையில் இருந்தது அப்படிப்பட்ட ஒரு கணக்குத்தான். அந்தக் கணக்கு இன்று நம்மிடம் எந்தத் தொகுதிக்கும் இல்லை.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஊராட்சியில் 1996 முதல் தனி ஒதுக்கீட்டில் வென்றவர்கள் யார் யார், ஒவ்வொருவரையும் நிறுத்தியவர் யார், பதவிக்காலத்தை முடித்தவர்கள் எத்தனை பேர் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்தக் குறிப்பேடுகளை வைத்துப் பேசுவோம்.

ஜெய்பீம்.